மூன்று திசையில் எழுதிய கடிதம்

கனடாவில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, விக்டோரியா மகாராணி காலத்துத் தபால்காரி வேலை. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. என் கணவரே முதலில் நம்பவில்லை. "அந்த மனிசி செத்து எவ்வளவு காலம், அவவுக்கு ஆர் இப்ப கடிதம் எழுதுறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். அவருக்கு உணவகத்தில் வேலை, வீட்டில் நித்திரை. இந்தக் கதையில் அவர் இதற்கு மேல் அதிகம் வரமாட்டார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அது. ரொறன்ரோ கீழ்நகரில் ஒரு பழைய செங்கல் கட்டடம். மகாராணி காலத்தில் தபால் கந்தோராக இருந்ததாம். அதைத் துடைத்து மினுக்கி, பழைய மேசை, பித்தளைத் தராசு, மைக்கூடு, இறகுப் பேனை எல்லாம் வைத்து, சனம் வந்து பார்க்கிற இடமாக ஆக்கியிருந்தார்கள். நான் அங்கே கூட்டித் துடைக்கிற வேலைக்குத்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஊரில் சரித்திரம் படிப்பித்த ரீச்சர் நான். கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் விரலில் அடித்து அடித்துப் பழக்கிய ஆங்கிலக் கையெழுத்து எனக்கு இருந்தது. விண்ணப்பத்தைப் பார்த்த பொறுப்பாளர் அம்மா தும்புத்தடியைத் தர மறந்துபோய், இறகுப் பேனையைத் தந்து எழுதிக் காட்டச் சொன்னா. அன்றைக்கே வேலை. அவவுக்கு அறுபது வயது, நெட்டையான வெள்ளைக்காரப் பெண்மணி, சிரிக்கும்போதுகூட முதுகை வளைக்கமாட்டா. வீட்டில் நாங்கள் அவவுக்கு வைத்த பட்டப்பெயர் மகாராணி.

உடுப்பு அவர்கள் தந்தார்கள். கணுக்கால் வரை கபில நிறப் பாவாடை, வெள்ளை ஏப்ரன், நாடியின் கீழே முடிச்சுப் போடுகிற தொப்பி. ஒருநாள் உடுப்பு மாற்றுகிற அறைத் திறப்பு தொலைந்துபோய், அந்தக் கோலத்திலேயே ஸ்ட்ரீற்காரில் ஏறி, நாங்கள் குடியிருந்த பார்க்டேலுக்கு வர நேர்ந்தது. வெட்கத்தில் செத்துப்போகப்போகிறேன் என்று நினைத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பார்க்டேல் பக்கம் அதைவிட விசித்திரமாக உடுத்திய இரண்டு பேர் ஏற்கெனவே வண்டியில் இருந்தார்கள்.

வேலை என்னவென்றால், வருகிறவர்களுக்குப் பழைய தபால் கட்டணங்களை விளக்குவது. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த புதிதில் இந்த ஊரில் கடிதத்துக்குக் கட்டணம் தூரத்தைப் பார்த்து, தாளை எண்ணி. ஒரு தாள் என்றால் ஒரு மடங்கு, இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு. உறை போட்டால் அதையும் ஒரு தாளாக எண்ணிவிடுவார்கள். அதனால் சனம் ஒரே தாளில் இடமிருந்து வலமாக எழுதி முடித்துவிட்டு, தாளைத் திருப்பி வைத்து, எழுதியதற்கு மேலாலேயே குறுக்கே இன்னொரு தரம் எழுதும். சில மகாகெட்டித்தனமான ஆட்கள் மூன்றாம் தரம் சாய்வாகவும் எழுதினார்களாம்.

அதைவிடப் பெரிய விசித்திரம், பெரும்பாலும் காசு கட்டுவது எழுதியவர் அல்ல, கடிதம் பெறுகிறவர். அதிலும் ஆட்கள் சுத்துமாத்துச் செய்தார்கள். உறையின் வெளியே ஒரு புள்ளி போட்டால் சுகம், கோடு இழுத்தால் பிள்ளை பிறந்தது என்று முதலே பேசி வைத்துக்கொள்வார்கள். கடிதம் வந்ததும் பெறுகிறவர் உறையைத் திருப்பிப் பார்த்து, சேதியை அறிந்துகொண்டு, "எனக்கு வேண்டாம், கொண்டுபோ" என்று தபால்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு சதம் செலவில்லை. இதைச் சொல்லும்போது சுற்றுலாப் பயணிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "ஆகவே நண்பர்களே, கடிதத்தைத் திறக்குமுன் உறையைப் பாருங்கள்" என்று கையை உயர்த்தி நான் முடிப்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் சொன்ன வசனம் இது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், எனக்கு வெட்கமாக இருந்தாலும்.

எனக்கு ஒரு தம்பி. முப்பத்துமூன்று வயது. மார்க்கம் என்ற ஊரில் ஒரு கொம்பனியில் பெட்டி அடுக்குகிற வேலை. எங்கள் அப்பார்ட்மென்ற்றில்தான் இருந்தான். வாய் திறந்து பேசமாட்டான். பொருத்தம் பார்த்த நாலு சம்பந்தமும் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போய்விட்டன. ஐந்தாவதாக ஊரிலிருந்து மாமி ஒரு சம்பந்தம் எழுதினா. பெண் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர், ஒரே பிள்ளை, சாதகம் நல்ல பொருத்தம். தகப்பன் ஓய்வுபெற்ற தபால் அதிபர். மாமியின் கடிதம் இப்படி முடிந்திருந்தது:

"பெடியன் தன்ரை கைப்பட எழுதட்டாம். கவனம் பிள்ளை, மனிசன் எழுத்தையும் பாப்பார், முத்திரையையும் பாப்பார். லண்டனிலை இருந்து ஒரு மாப்பிள்ளை தேவைக்கு மேலை முத்திரை ஒட்டினதுக்கு, ஊதாரி எண்டு வேண்டாமெண்டவர். ஜேர்மனி மாப்பிள்ளை குறைய ஒட்டினதுக்கு, கள்ளன் எண்டவர்."

படமும் வந்திருந்தது. தம்பி அதை வாங்கிப் பார்த்தான். பிறகு அந்தப் படம் மேசைக்குத் திரும்பி வரவில்லை. அவன் வேலைச் சட்டையைத் தோய்க்கப் போட்டபோது பொக்கற்றில் இருந்தது. கேட்டேன். காது சிவந்துபோய், "அக்கா, இதுவும் சரிவராட்டி எனக்கு இனி ஒண்டும் பாக்க வேண்டாம். நான் இப்பிடியே இருந்திட்டுப் போறன்" என்றான். அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு சொற்கள் வந்து நான் அதற்கு முதல் கேட்டதில்லை. இந்தக் கலியாணத்தைச் சரிக்கட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

பேசாதவன் எழுதத் தொடங்கினால் நிற்கமாட்டான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏழு தாள் எழுதினான். முதலாம் தாள் குடும்பம், இரண்டாம் தாள் வேலை. மூன்றாவதில் பனி. நாலாவது முழுக்க, பார்க்டேலிலிருந்து மார்க்கத்துக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், எந்தத் தரிப்பில் காற்று அதிகம் என்ற விபரம்.

"விசரா உனக்கு? பஸ் பிடிக்கவோ அந்தப் பிள்ளை வரப்போகுது?" என்றேன்.

"வந்தா அவவுக்குத் தெரிஞ்சிருக்க வேணுமெல்லோ" என்றான்.

ஒரு வரியையும் வெட்டவிடவில்லை. ஏழு தாளையும் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய் மகாராணியின் பித்தளைத் தராசில் வைத்தேன். தட்டு டொங்கென்று கீழே போனது. இவ்வளவு பாரத்துக்கு முத்திரை ஒட்டினால் உறையில் விலாசம் எழுத இடமிருக்காது. தபால் அதிபர் பார்த்தால் ஊதாரிப் பட்டம் நிச்சயம். அந்த நேரத்தில்தான் எனக்கு அந்தக் கோதாரி பிடித்த யோசனை வந்தது.

"தம்பி, நீ ஒண்டையும் வெட்ட வேண்டாம். ரெண்டு தாளிலை குறுக்கையும் மறுக்கையும் எழுது. அந்தாள் தபால் அதிபர், பழைய முறை தெரிஞ்ச மனிசன். பாத்தவுடனை மயங்கி விழப்போறார்."

சனிக்கிழமை முழுக்க அவன் எழுத, நான் தோளுக்குப் பின்னால் நின்றேன். ஆங்கிலத்தில் குறுக்கே எழுதினால் ஒருமாதிரி வாசிக்கலாம், அந்த எழுத்து மெலிந்து சாய்ந்து நிற்கும். எங்கள் எழுத்து அப்படியா? ஒவ்வொன்றும் சுழித்துக்கொண்டு, வயிறு வைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு 'ணி'க்கு மேலே ஒரு 'ஞ' ஏறி உட்கார்ந்தால் இரண்டையும் பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது. எங்களோடு ஒரு மட்டக்களப்பு அண்ணை இருந்தார். முன்னறை அவருக்கு. ஒஷாவாவில் காருக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. குடும்பம் ஊரில். கோப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்னகா தங்கச்சி, கடிதமா இடியப்பமா?"

"உங்களுக்குச் சரித்திரம் தெரியாட்டி வாயைப் பொத்திக்கொண்டு போங்கோ அண்ணை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கணக்காக, ஒரு சதம் கூடாமல் குறையாமல் முத்திரை ஒட்டிக் கடிதத்தைப் போட்டேன். அன்றிரவு நல்ல நித்திரை.

பிறகு காத்திருப்பு. ஊரில் சண்டை. தபால் ரயில் ஓடினால் கடிதம், ஓடாவிட்டால் இல்லை. தம்பி ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே தபால் பெட்டியைத் திறப்பான். விளம்பரத் தாள்களையும் ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பான். பீட்ஸா விளம்பரத்துக்குள் தபால் அதிபர் ஒளிந்திருப்பார் என்ற நினைப்பு.

இரண்டு மாதத்துக்குப் பிறகு கடிதத்துக்குப் பதிலாக ஒரு அட்டை வந்தது. உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, முத்திரை போதாது, மிச்சத்தைக் கட்டி எடுத்துப்போகவும் என்றிருந்தது. எனக்கு மண்டை கொதித்தது. ஆயுள் முழுக்க முத்திரை விற்ற மனிதனுக்கு முத்திரை ஒட்டத் தெரியாதா? இது வேண்டுமென்று செய்த அவமதிப்பு, சம்பந்தம் வேண்டாம் என்பதைச் செலவில்லாமல் சொல்கிறார் என்று நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். தம்பி சப்பாத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனான். கவுண்டரில் இருந்தவர் கடிதத்தை அவன் முன் வைத்து, விருப்பமில்லாவிட்டால் எடுக்கத் தேவையில்லை, திருப்பி அனுப்பலாம் என்று சொன்னாராம். இவன் உறையை ஒரு தரம்கூடப் பாராமல் காசைக் கட்டிவிட்டான்.

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அப்போதுதான் ஒஷாவாவிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு நின்றார் மட்டக்களப்பு அண்ணை. அவருக்கு முத்திரை சேர்க்கிற பைத்தியம் இருந்தது. ஊரில் இருக்கும்போது கனடா முத்திரை சேர்த்தவர், கனடாவுக்கு வந்து ஊர் முத்திரை சேர்த்தார். தம்பி உறையைக் கிழித்துக் கடிதத்தை எடுத்த கையோடு, அவர் கத்தரிக்கோலால் முத்திரை இருந்த மூலையைக் கச்சிதமாக வெட்டிக்கொண்டு அறைக்குப் போனார். பிறகு வந்து நண்டுக் கறி வைக்கத் தொடங்கினார். நாங்கள் தாளை விரித்தோம்.

ஐயோ கடவுளே. தபால் அதிபர் பதிலுக்குப் பதில் எழுதியிருந்தார். இடமிருந்து வலமாக ஒரு தரம், மேலிருந்து கீழாக ஒரு தரம், அது காணாதென்று மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக இன்னொரு தரம். தாளில் வெள்ளை என்று சொல்ல ஒரு மிளகளவு இடம்கூட இல்லை.

அந்தச் சனி ஞாயிறு எங்கள் வீட்டில் சமையலைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தோம். அளவுகோல் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். பிடித்த சொற்கள் நாலே நாலு: 'வெட்கக்கேடு', 'ஒருக்காலும்', 'எடை', 'முருங்கைக்காய்'. இதில் எந்தச் சொல்லைக் கொண்டு ஒரு மனிதன் மகளைக் கட்டித் தருவான்?

"வெக்கக்கேடு எண்டு என்னைத்தான் சொல்லுறார்" என்றான் தம்பி.

"முருங்கைக்காய் ஆரையாம்?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. பொக்கற்றிலிருந்து அந்தப் படத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தான். என்னுடைய கெட்டித்தனத்தால் வந்த வினை இது. நேராக நாலு வரி எழுத விட்டிருந்தால் நேராக ஒரு பதில் வந்திருக்கும்.

அந்தக் கோபத்தில் ஆரைத் திட்டலாம் என்று தேடிய என் கண்ணில் உறை பட்டது. மேசைக் கரையில் கிடந்தது. அதன் மூன்று மூலைகளிலும் மஞ்சள் மஞ்சளாக விரல் அடையாளம். எதிரே மட்டக்களப்பு அண்ணை நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். விரல் ஐந்தும் மஞ்சள்.

"அண்ணை! சம்பந்தக் கடிதத்தைக் கறிக்கையோடை தொட்டனீங்களோ? கொஞ்சமாவது யோசினை இருக்கோ உங்களுக்கு?"

"நான் தொடல்ல தங்கச்சி. சத்தியமாத் தொடல்ல."

"அப்ப ஆர் தொட்டது, நண்டோ?"

மனிதர் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு எங்களோடு மேசையில் இருக்கவில்லை. பாணும் ஜாமும் வாங்கி வந்து தனியே தின்றார். தின்றுவிட்டு, எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் கை கழுவுவார். ஒரு கிழமையில் ஒரு சவர்க்காரக் கட்டி முடிந்தது.

வேறு வழியில்லாமல் கடிதத்தை மகாராணியிடம் கொண்டுபோனேன். பழைய கடிதங்களோடு காலம் தள்ளியவ, ஏதாவது உபாயம் சொல்லுவா என்ற ஆசை. கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவ சொக்கிப்போனா. இப்படி ஒரு அழகான கடிதத்தைத் தன் ஆயுளில் கண்டதில்லையாம், சுவரில் மாட்ட இரவல் தரமுடியுமா என்று கேட்டா. அம்மணி, இதில் என் தம்பியின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். உடனே பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. தமிழில் ஒரு எழுத்துத் தெரியாத பெண்மணி கால் மணித்தியாலம் அந்தத் தாளைப் பார்த்தா.

"வாசிக்கிற விதம் சுலபம். தாளைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்து, விளிம்பிலிருந்து பார்க்க வேண்டும். பார்க்கிற திசையில் ஓடுகிற வரி மட்டும் எழுந்து நிற்கும், மற்றவை படுத்துவிடும்" என்றா. பிறகு, "ஆனால் ஒன்று. இதை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நேரும் குறுக்கும் ஒரு கிழவரின் கை. சாய்வாக ஓடுவது வேறு ஆள். இளம் கை, வேறு பேனை, அவசரம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ் தெரியாத மனிசிக்குத் தமிழ்க் கையெழுத்தில் கிழவன் எது, குமர் எது என்று எப்படித் தெரியும்? நன்றி சொல்லிவிட்டு, நம்பாமல் கடிதத்தை மடித்தேன். புறப்படும்போது அவ பின்னால் நின்று சொன்னா: "மாட்டுவதானால் உறையும் வேண்டும். முத்திரையோடு."

உபாயம் சொன்னவவுக்கு முகம் முறிக்க ஏலாது. வீட்டுக்கு வந்து மட்டக்களப்பு அண்ணையின் கதவைத் தட்டினேன். ஒரு கிழமையாகப் பேசாத மனிதரிடம் முத்திரை கேட்பது எனக்கு எவ்வளவு அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அல்பத்தைத் திறந்து, இன்னும் உறைத்தாளோடு ஒட்டியிருந்த அந்த மூலைத் துண்டை எடுத்து நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். முத்திரைக்கு மேலே, சரியாக மூலையில், மஞ்சள்.

"இதை நான் வெட்டக்குள்ள கறிச்சட்டி அடுப்பில ஏறவேயில்ல" என்றார் அண்ணை, நீதிபதியின் முன்னால் நிற்கிறவர் மாதிரி. "கை கழுவித் துடைச்ச கையால வெட்டினது. இப்ப சொல்லு தங்கச்சி, ஆருட கை இது?"

நான் அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனேன். நண்டு மணக்கவில்லை, மிளகாய் மணக்கவில்லை. பச்சை மஞ்சள் மணம். நாலு மூலைக்கும் நாலு பொட்டு. சாதகக் குறிப்புக்குப் பூசுகிற மஞ்சள், கலியாண ஓலைக்குப் பூசுகிற மஞ்சள், நல்ல காரியம் என்று ஊரில் ஒரு பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த மஞ்சள்! கடிதத்தைத் திறக்குமுன் உறையைப் பாருங்கள் என்று தொப்பி போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் ஊருலகத்துக்குப் படிப்பிக்கிற நான், உறையைப் பார்த்து நண்டைச் சந்தேகித்திருக்கிறேன்.

"தம்பீ!" என்று நான் கத்திய கத்தில் என் கணவரே எழும்பி வந்து, என்ன நெருப்பா என்று கேட்டார்.

மட்டக்களப்பு அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பரவாயில்லகா, ஆனா அந்த ஜாமை இனி நீயே தின்னு" என்றார். அன்றைக்கு அவருக்கு நான் நண்டுக் கறி வைத்தேன். அவர் வைப்பதுபோல வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் போட்டுத் தின்றார்.

சாப்பிட்டபின் மகாராணி சொன்னபடி தம்பி கடிதத்தைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்தான். வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அவன் வாசிக்க வாசிக்க நாங்கள் கேட்டோம். நேராக ஓடிய வரியில் தபால் அதிபர் தம்பியின் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்ததையும், பஸ் விபரம் தனக்குப் பிடித்ததையும் எழுதியிருந்தார். 'வெட்கக்கேடு' இப்போதைய தபால் சேவையைப் பற்றியது. தான் கந்தோரில் இருந்த காலத்தில் எடையில் ஒருக்காலும் பிழை விட்டதில்லையாம். முருங்கைக்காய் அந்த முறை நன்றாகக் காய்த்திருந்ததாம். கீழ்நோக்கி ஓடிய வரியில் விசயம் இருந்தது.

"முத்திரை தெரிந்துதான் குறைத்து ஒட்டினேன். பதிலை உறையின் மூலையில் வைத்திருக்கிறேன். விரும்பினால் மேலால் பார்த்துவிட்டு, காசு கட்டாமல் திருப்பி விட்டிருக்கலாம். கட்டி எடுத்திருந்தால், என் மகளின் விசயத்தில் சதம் பார்க்காத ஆள் என்று எடுத்துக்கொள்கிறேன்."

"பாத்தியோ, ஊதாரியுமில்லை, கள்ளனுமில்லை!" என்று நான் துள்ளினேன். தம்பி தாளைச் சாய்த்துப் பிடித்து மூன்றாவது திசையில் பார்த்துக்கொண்டிருந்தான். காது மறுபடி சிவந்தது. வாய் மட்டும் மெல்ல அசைந்தது. பிறகு தாளை என்னிடம் நீட்டி, "அக்கா, உன்ரை மகாராணி சொன்னது சரி. இது வேறை ஆள்" என்றான்.

நான் சாய்த்துப் பார்த்தேன். மெல்லிய நீலப் பேனை. சின்ன எழுத்து. தகப்பன் எழுதி முடித்து, உறையில் போட முதல் கிடைத்த இடைவெளியில் எழுதியது.

"அப்பா ஓம் எண்டு மஞ்சள் பூசிப்போட்டார். மாமி ஓம் எண்டிட்டா. உங்கடை அக்காவும் ஓம் எண்டுதான் இருப்பா. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களாவது கேளுங்கோ."

மற்ற வரிகளுக்கு மேலே அது தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. ஒரு இடத்திலாவது கண்ணில் படட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சாதகத்தைப் பார்த்தேன், தராசைப் பார்த்தேன், முத்திரையைப் பார்த்தேன். ஏழு தாளையும் வரி வரியாக நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளையிடம் விருப்பமா என்று கேட்கிற ஒரு வரி அதில் இல்லாதது எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு பெண்தானே, எனக்கும் தெரியவில்லை.

தம்பி அன்றைக்கே எழுதினான். மேசையில் அல்ல, தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. உதவிக்கு வரவா என்று வெளியே நின்று கேட்டேன். "வேண்டாம் அக்கா, ஒரு வரிதான்" என்றான். என்ன வரி என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். உறையில் அவனே விலாசம் எழுதினான், அவனே முத்திரை ஒட்டினான். தராசில் வைக்கவில்லை. அலுமாரியிலிருந்த படம் அவன் சட்டைப் பொக்கற்றுக்குத் திரும்பிவிட்டதையும் கண்டேன்.

இந்த முறை தபால் ரயில் ஓடியிருக்க வேண்டும், பதில் கெதியாக வந்தது. உறையில் முத்திரை சரியாக இருந்தது. நாங்கள் எல்லோரும் மூலைகளைத்தான் முதலில் பார்த்தோம். நாலும் வெள்ளை. மட்டக்களப்பு அண்ணை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நின்றார். என் கணவர்கூட நித்திரையை விட்டு வந்து நின்றார். தம்பி பிரித்தான். ஒரே தாள். ஒரே திசை. அவன் அதை வாசித்துவிட்டு, முதல் தடவையாகத் தானாகவே எங்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினான்.

"ஓம். எனக்கு விருப்பம். ஆனால் இனிமேல் குறுக்கை மறுக்கை எழுத வேண்டாம். அப்பாவுக்குக் கண் நோகுது, எனக்கும்தான்."

மட்டக்களப்பு அண்ணை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த முத்திரையை மட்டும் தம்பி வெட்டவிடவில்லை.